வெள்ளை வண்டிக்குப் பச்சைக் கதவு

"தூக்கு, தூக்கு... முழங்காலக் குடுத்துத் தூக்குக்கா."

அக்கா முழங்காலைக் கொடுத்தாள். வேன் கதவு ஓர் ஆள் கனம் கனத்தது. லாரி உரசி நசுங்கிய பழைய கதவைத் தம்பி காலையிலேயே கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டான். இது வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் கிடைத்தது. வெள்ளை வண்டிக்குப் பச்சைக் கதவு.

போல்ட்டை முடுக்கிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினான். கீழே இடித்தது, மேலே இரண்டு விரல் இடைவெளி.

"தொங்குது."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்த அப்பாவின் குரல். முப்பத்தெட்டு வருஷம் வேன் ஓட்டியவருக்குச் சத்தமே போதும்.

"கழட்டுறதுக்கு முன்னால கீலச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டியா?"

"மறந்துட்டேம்ப்பா."

"சாப்பிட மறப்பியாடா நீ?"

தம்பி சிரித்தான். "பொழுது சாயறதுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில இருப்போம்ப்பா. நீங்க பேசாம இருங்க."

ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு போக மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். தன் வண்டியில் உட்கார்ந்துதான் வருவாராம். கதவில்லாத வண்டியில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் காற்றில் போக முடியுமா?

பெரிய ஆஸ்பத்திரியிலும் கைவிரித்துவிட்டது அக்காவுக்கு நேற்றே தெரியும். போனில் பேசியவள் அவள்தான். 'கூட்டிட்டு வராதீங்கம்மா, வழி தாங்கமாட்டாரு' என்றார் டாக்டர். தம்பியிடம் சொல்ல வாயெடுத்தபோது அவன் கதவைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றான். வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் கொடுக்க உள்ளே போனாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

"எதப்பா?"

"போன்ல பேசினத. சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே நின்ன."

அவள் ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள்.

"சொல்லாத. கையில வேலை இருக்கட்டும் அவனுக்கு."

வெளியே தம்பி கதவைச் சாத்தினான். மெத்தென்று ஒரே சத்தம். பொருந்திவிட்டது அவளுக்கே தெரிந்தது.

"எப்படிப்பா?"

அப்பா அவளைப் பார்த்தார். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "இன்னும் தொங்குது" என்றார்.

"நல்லாத்தானேப்பா இருக்கு?"

"வண்டி ஓட்டினது நீயா நானா? தூக்குடா."

தம்பி முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுப்பது கேட்டது. அப்பாவின் கண்ணோரம் சுருங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள்.

கதவைச் சாத்தும் சத்தம். "இப்பப்பா?"

திறந்து மறுபடி சாத்தும் சத்தம். "அப்பா?"

அவள் அவர் விரல்களைத் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் கண்களை மூடிவிட்டாள்.

"தூங்கிட்டாராக்கா?"

"ம்."

"தூங்கட்டும். கிளம்பறப்ப எழுப்பிக்கலாம்."

எழுந்து வாசலுக்கு வந்தாள். தம்பி பச்சைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தான். முன்சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, தானே ஏறி உட்கார்ந்து பார்த்தான். திருப்தியில்லை. இறங்கினான். சட்டையைக் கழற்றி மடித்து, இடுப்பு தாங்கும் இடத்தில் வைத்தான். மறுபடி ஏறிச் சாய்ந்து, கண்ணை மூடிப் பார்த்தான்.