முகம் கொடுக்காத லித்தியம்

சட்டைப் பொத்தான் அளவே இருந்த பீங்கான் வில்லையில் அவள் தன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனி வரை தெரிந்தது. காலையிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தேய்த்த பலன்.

"போதும் அண்ணி. தலை வாருறதுக்கா பாட்டரி பண்றோம்?" என்றாள் நாத்தனார். வீட்டில் எதிர் அறை, ஆய்வகத்தில் எதிர் மேஜை.

திரவமே இல்லாத பாட்டரி அது. திரவம் என்றால் எந்த இடுக்கிலும் தானாகப் புகுந்துகொள்ளும். இங்கே பீங்கானும் லித்தியமும் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். அவள் செய்த எந்த வில்லையிலும் ஒட்டவில்லை. மிச்சம் இரண்டுதான். இவையும் போனால் பீங்கான் வேலையை மூடிவிட்டு, பழைய பாட்டரிகளைச் சோதிக்கும் மாடிக்கு அவளை அனுப்புவதாகத் தலைவர் சொல்லிவிட்டார்.

காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வில்லை போனது. பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைகளில் கை நுழைத்து, நாத்தனார் அதைச் சூடேற்றி, அதன் மேல் உருகிய லித்தியத்தை வைத்தாள். அது உருண்டு ஓரத்துக்கு ஓடியது.

"முகம் கொடுத்தே பேச மாட்டேங்குது அண்ணி. எங்க அண்ணன் கோவிச்சுக்கிட்ட மாதிரி."

"உன் அண்ணனாவது சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வந்துடுவாரு."

சிரித்தபடியே அவள் பெட்டியருகே வந்தாள். இன்னும் பளபளப்பாகத் தேய்த்திருக்க வேண்டுமோ? நெற்றியைப் பெட்டியில் ஒட்டிப் பார்த்தாள். வில்லையின் நடுவே கொஞ்சம் லித்தியம் மட்டும் கோடு போல ஒட்டி நின்றது.

"அது என்ன கோடு?"

"இடுக்கி வழுக்கிக் கீறிடுச்சு. திட்டாதீங்க."

அவள் திட்டவில்லை. அந்தக் கீறல் பெட்டிக்குள் விழுந்தது. காற்றையே பார்க்காத இடம். மற்ற இடமெல்லாம் ஜன்னலோரக் காற்று பட்டு, லித்தியம் ஒட்டாத, கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அழகு பார்த்துத் தேய்க்கத் தேய்க்க அவளே அந்தத் தோலை வளர விட்டிருக்கிறாள்.

"கடைசி வில்லையை உள்ள வெச்சே உப்புத்தாளால தேய்."

"சொரசொரன்னு ஆயிடுமே. இதை நேத்து முழுக்க உக்காந்து பண்ணீங்க."

"தெரியும். தேய்."

பார்க்க மனம் வரவில்லை, ஆனாலும் பார்த்தாள். பளபளப்பு மங்கி, வில்லை முழுக்கக் கோடு விழுந்தது. லித்தியம் பட்டதும் ஈரத்தாளில் மை விழுந்தது போலப் பரவியது.

மீட்டரில் ஆயிரக்கணக்கான ஓமிலேயே நின்றிருந்த மின்தடை இரண்டு இலக்கத்துக்கு இறங்கியது. தலைவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இவ்வளவு அசிங்கமா இருக்கு?"

"ஆமா சார்."

"இதே அசிங்கத்துல இன்னும் பத்து பண்ணுங்க. மாடிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அவர் தலை மறைந்ததும் நாத்தனார் போனை எடுத்தாள். "அண்ணா, இன்னைக்குச் சமையல் உன்னுது. அண்ணி கிளம்ப மாட்டாங்க போலிருக்கு."

அவள் அதற்குள் புது வில்லைகளுக்குத் தூள் நிறுத்துக்கொண்டிருந்தாள், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி.