ரிப்பன் இடப்பக்கம்

நாலு வருஷமாகக் கேஷிகாவுக்கு ஒரு எதிரி இருந்தார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. ஆனால் அவள் எதை எழுதினாலும் அதில் பிழை பிடிக்க அந்த ஆள் ஓடி வருவார் என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல நிச்சயம். மழை ஓயாத மலையக ஊரான ஹட்டனில் சூரியனைக்கூட அவ்வளவு நம்ப முடியாது.

கேஷிகாவின் அப்பா பொன்னையா ஹட்டன் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். பகலெல்லாம் அவள் அங்கே சேலையை விரிப்பாள், மடிப்பாள், மறுபடி விரிப்பாள். கடை ஓய்ந்த நேரத்தில் பின்னறைக்குள் புகுந்து, ஜப்பானிய அனிமே தொடர்களைப் பற்றித் தமிழில் வலைப்பூ எழுதுவாள். வலைப்பூவின் பெயர் 'பாதி எபிசோட்'. கரண்ட் போய்ப் போய் எதையும் பாதியிலேயே பார்த்துப் பழகியவள் வேறென்ன பெயர் வைப்பாள்? தனக்கு அவள் வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஈரக்குடை'.

வாசகர்கள் இருநூறு பேர் தேறுவார்கள். 'சூப்பர் அக்கா', 'செம' என்று போட்டுவிட்டுப் போகிற நல்ல பிள்ளைகள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் பந்தியைத் தாண்டுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடைசி வரி வரை வாசிக்கிற ஒரே ஆள் எதிரிதான். 'பிழைதிருத்தி' என்ற பெயரில் வருவார். அவள் நாலு பந்தி எழுதினால் எட்டுப் பந்தியில் மறுப்பு எழுதுவார். 'ஒன்பதாம் எபிசோட்டில் மழை பெய்யவில்லை. அது கூரையிலிருந்து சொட்டும் கடல் தண்ணீர். திரும்பப் பார்க்கவும்' என்பார். கேஷிகா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பப் பார்ப்பாள். கடல் தண்ணீராகத்தான் இருக்கும், பாழாய்ப்போனது. அந்த எரிச்சலில் எழுதுகிற அடுத்த பதிவு முந்தியதைவிட நன்றாக வந்துவிடும். இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த வருஷம் 'ஆழ்கடல் அஞ்சலகம்' என்றொரு தொடர் ஓடியது. கடலுக்கு அடியில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தபால்காரியின் கதை. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ரசிகர் குழு முழுவதும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே நேரத்தில் பார்க்கும். பார்த்துக்கொண்டே அரட்டைப் பெட்டியில் அடித்துக்கொள்ளும். இருபத்திரண்டாம் எபிசோட் முடிந்ததும் பிழைதிருத்தி இரண்டே வரி எழுதினார்: 'எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இருபத்துநாலாம் எபிசோட்டோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி.'

தொல்லை விட்டது என்று துள்ளிக் குதித்திருக்க வேண்டிய கேஷிகா, கையிலிருந்த சேலையைக் கோணலாக மடித்தாள். இனி யாருக்காக எழுதுவது? முதல் பந்தியோடு ஓடிப்போகிறவர்களுக்காகவா?

அன்றைக்குத்தான் மட்டக்களப்பிலிருக்கும் குழுத் தோழி லோஜினி தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். "நான் கனநாளாக் கேக்க நினைச்சன். நீயும் பிழைதிருத்தியும் ஒண்டாக் காணாமப் போறீங்க, ஒண்டாத் திரும்பி வாறீங்க. என்ன நடக்குது?"

கேஷிகா பழைய அரட்டைகளைக் கிண்டினாள். உண்மைதான்! மூன்று மாதத்தில் ஐந்து தடவை அவள் கடையில் கரண்ட் போய் வைஃபை செத்த அதே நிமிஷத்தில் பிழைதிருத்தியும் மறைந்திருக்கிறார். கரண்ட் வந்ததும் இருவரும் சேர்ந்தே முளைத்திருக்கிறார்கள். டொரொண்டோவில் தாடியோடு உட்கார்ந்திருப்பார் என்று அவள் நாலு வருஷம் கற்பனை செய்த ஆள், இதோ, இதே மின்கம்பியின் மறுமுனையில்!

இரண்டு ஞாயிறுகளில் ஹட்டனில் கரண்ட் இருந்தும் பிழைதிருத்தி மட்டும் காணாமல் போயிருந்தார். அந்த இரண்டு நாளும் பக்கத்து ஊரான டிக்கோயாவில் மரம் விழுந்து கம்பி அறுந்ததாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்படியானால் டிக்கோயா. உடனே கேட்டாள்: 'நீங்கள் டிக்கோயாவில் இருக்கிறீர்களா?'

'அது உமக்குத் தேவையில்லாத விஷயம்' என்று பதில் வந்தது.

நேராகக் கேட்டால் வராது. பிழை இருந்தால்தான் வரும். அந்த எண்ணம் வந்ததும் கேஷிகா தனியாகச் சிரித்தாள்.

தீபாவளிக்கு அப்பா நோட்டீஸ் அடிப்பது வழக்கம். இந்தத் தடவை படத்தைத் தானே வரைவதாகச் சொல்லி, குத்துவிளக்கு வரவேண்டிய இடத்தில் தபால்காரியை வரைந்தாள். நீலக் கோட்டு, தோல் பை, இரட்டைப் பின்னல். ஒரு பின்னலில் மட்டும் சிவப்பு ரிப்பன், அதையும் வேண்டுமென்றே வலப்பக்கம் போட்டாள். தொடரில் ரிப்பன் இடப்பக்கம். ஊருலகத்தில் எவருக்கும் அது உறைக்காது, ஒரு ஆளைத் தவிர.

"யாரும்மா இந்தப் புள்ள? சேலைகூடக் கட்டலையே?" என்றார் பொன்னையா.

"இப்ப இதாம்ப்பா பேஷன்."

"என்னமோ போ. லட்சணமாத்தான் இருக்கு."

நோட்டீஸ் அச்சாகி வருவதற்குள் இருபத்துமூன்றாம் எபிசோட்டும் ஓடி முடிந்தது. செவ்வாய்க்கிழமை கேஷிகா நோட்டீஸ் கட்டோடு டிக்கோயாவுக்கு பஸ் ஏறினாள். பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி வாசல், தேத்தண்ணிக் கடை, தபால் கந்தோர் என்று ஒரு இடம் விடவில்லை. மழையில் நனைந்து, தும்மிக்கொண்டு வீடு வந்தாள்.

புதன்கிழமை ஒரு அம்மா வந்து நீலக் கோட்டு இருக்கிறதா என்று கேட்டார். வியாழக்கிழமை மூன்று பேர் கேட்டார்கள். பொன்னையா நீலக் கோட்டுக்குக் கொழும்புக்குப் போன் போட்டார். ரிப்பனைப் பற்றி ஈ காக்கைகூட வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை கடை பூட்டும்போது கேஷிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் கடைசி எபிசோட்.

ஞாயிறு பின்னேரம் மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், கண்ணாடி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குடையை உதறிக்கொண்டு கடைக்குள் வந்தார். கையில் நாலாக மடித்த நோட்டீஸ்.

"இதை ஆர் அடிச்சது?"

"நாங்கதாங்க" என்றார் பொன்னையா. "ஏங்க, தேதி தப்பா போட்டுட்டமா?"

"திகதி சரி. படம் பிழை. இந்தப் பிள்ளைக்கு ரிப்பன் இடப்பக்கம். வலப்பக்க ரிப்பனைப் பதினோராம் எபிசோட்டில கழட்டி, செத்த மாலுமியின்ர கடிதத்தைக் கட்டிக் குடுத்திட்டாள். அந்த ரிப்பன் போனதுதான் கதையே. தெரியாட்டிக் கீறக்கூடாது."

கேஷிகா சேலைக் குவியலைத் தாண்டி ஓடி வந்தாள். "தெரிஞ்சுதாங்க போட்டேன்! நீங்க வரணும்னுதாங்க தப்பாப் போட்டேன்! நாந்தாங்க ஈரக்குடை!"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார். "மழைக்கும் கடல் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நீர்தானோ?"

அவர் பெயர் யோகராணி. சாவகச்சேரிக்காரர், டிக்கோயாவில் பதினொரு வருஷமாக அரசாங்க மருந்தாளர். மருந்துச் சீட்டில் பிழை பிடித்துப் பழகிய கண். கேஷிகா அவரைக் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப்போய், ஜவுளி மூட்டை மேல் உட்காரவைத்து, மடிக்கணினியில் தொடரைப் போட்டாள். மணி சரியாக மூன்று.

முடிவதற்கு ஆறு நிமிஷம் இருக்கையில் கரண்ட் போனது. இருவரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள்.

"ஏங்க நிறுத்துறீங்க?" என்று கேட்டாள் கேஷிகா.

"மாற்றம் சொந்த ஊருக்கு. அங்க வீடு நிறைய ஆக்கள். இந்த வயசில கார்ட்டூன் பாக்கிறன் எண்டு ஆருக்குச் சொல்லுறது? இங்க குவாட்டர்ஸில நான் தனிய. கதைக்கவும் ஆளில்லை, சண்டை பிடிக்கவும் ஆளில்லை. உம்மட பதிவு ஒவ்வொண்டையும் பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனையால திருத்துவன். நூற்றிப் பதினெட்டும் ஒரு பைலில கிடக்கு."

கேஷிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்க யாரு கூடங்க சண்டை போடுவீங்க?"

"சண்டைக்கு அங்க என்ன பஞ்சம்?" யோகராணி கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒருத்தரும் நான் சொல்லுறதை முழுக்கக் கேட்டிட்டுச் சண்டை பிடிக்கிறேல்லை."

கரண்ட் வந்தது. தபால்காரி கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு மேலே வந்து, ஈர முகத்தோடு திரும்பினாள். தொடர் முடிந்தது.

"அழுகுறா!" என்றாள் கேஷிகா.

"சிரிக்கிறாள்" என்றார் யோகராணி.

அவ்வளவுதான், இருவரும் எழுந்து நின்று அரை மணிநேரம் சண்டை போட்டார்கள். பொன்னையா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்து, கிளாஸை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு யோகராணி நேரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளைக் காலை சாவகச்சேரிக்குப் பயணம். குடையை எடுத்துக்கொண்டு, "சரி, வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நிறுத்துவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கேஷிகா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். மூச்சு விடாமல் ஆறு பந்தி தட்டினாள். அவள் அழுகிறாள், ஏன் அழுகிறாள் என்று ஆணித்தரமாக எழுதிப் பதிவேற்றிவிட்டுக் காத்திருந்தாள். 'சூப்பர் அக்கா' ஒன்று வந்தது. 'செம' ஒன்று வந்தது. பதினைந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

'பிழைதிருத்தி: இரண்டாம் பந்தி முழுக்கப் பிழை. அவள் சிரிக்கிறாள் என்பதற்குக் காரணங்கள் ஏழு. பஸ் குலுக்குவதால் இப்போது இரண்டு மட்டும். மிச்சம் ஐந்தும் சாவகச்சேரி போய்ச் சேர்ந்த பிறகு.'

கேஷிகா போட்ட கூச்சலில் பொன்னையா கையிலிருந்த சேலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "அப்பா, தப்பாம்ப்பா! ரெண்டாவது பந்தி பூராவும் தப்பாம்!"