கதவுக் கண்ணாடியில் ஒரு கழுத்து

பாட்டு வாத்தியாருக்குக் கழுத்து நீண்டுகொண்டே போனது. பழைய சட்டைகளின் காலர் கழுத்தில் பாதிக்குத்தான் எட்டுகிறது என்று தையல்காரரே சொன்னார். துணி எப்போது கிடைக்கும் என்பதைத் தவிர வேறு எதிலும் பொய் சொல்லாத மனிதர் அவர்.

எல்லாம் மச்சினியால் வந்தது. மனைவியின் தங்கை அதே பள்ளிக்கு நடனம் சொல்லித்தரும் டீச்சராக வந்து சேர்ந்தாள். ஆண்டு விழாவுக்கு ஓபரா எனும் மேல்நாட்டுச் சிரிப்பு இசைநாடகம் ஒன்றிலிருந்து பாட்டு: பக்கத்து வீட்டுச் சட்டியில் என்ன வேகிறதோ என்று வயிறெரிந்து எட்டிப் பார்க்கும் சமையல்காரனின் பாட்டு. வாத்தியார் பியானோ தேயத் தேயச் சொல்லிக்கொடுத்தும் பிள்ளைகள் விளக்குக்கம்பம் போல நின்றே பாடினார்கள். தலைமையாசிரியை பாட்டைத் தூக்கி மச்சினியிடம் கொடுத்தார்.

"விழாவுல நல்லா வந்துச்சுன்னா, இனிமே பாட்டு வகுப்பும் அவங்களுக்குத்தான்."

அன்றிலிருந்து வாத்தியார் குடியிருந்தது பயிற்சி அறைக்கு வெளியே. கதவுக் கண்ணாடி சற்று உயரம்; எக்கி எக்கித்தான் கழுத்துக்கு அந்தக் கதி. உள்ளே சிரிப்புக் கேட்டால் நகம் கடிப்பார். கைதட்டல் கேட்டால் எச்சில் விழுங்குவார். யாராவது வந்தால் கைக்குட்டையால் விசிறிக்கொள்வார்.

"என் தங்கச்சியத்தானே ஒளிஞ்சு பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

"கீல் ஆடுதுன்னு பாத்தேன்."

"ஒரு மாசமாவா?"

"பெரிய கீல்."

விழாவன்று, பாட்டு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று வேண்டியபடி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரை விலகியது. பிள்ளைகள் கழுத்தை நீட்டினார்கள். நகம் கடித்தார்கள். எச்சில் விழுங்கினார்கள். காலடிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்கள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மச்சினி ஓடி வந்தாள். "மாமா, பொறாமைன்னா என்னன்னு பிள்ளைங்களுக்குப் புரியவே இல்ல. கதவப் பாருங்கன்னேன். உடனே வந்துருச்சு!"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கழுத்த உள்ள இழுத்துக்குவீங்களே!" என்றவள், பின்னாலேயே வந்த தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள். "பாட்டு வகுப்பு மாமாகிட்டயே இருக்கட்டும், மேடம். அவர் இல்லாம இந்தப் பாட்டே இல்ல."

பிழைத்தது வகுப்பு. ஆனால் வாத்தியாருக்கு அன்று தூக்கம் வரவில்லை. மேடையில் முன்வரிசையில் நின்ற ஓட்டைப்பல்லுச் சிறுமி, கழுத்தை அவரைவிட நீளமாக நீட்டியிருந்தாள்.

காலையில் முதல் வேலையாக வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று கழுத்தை எக்கத் தொடங்கினார்.