இரவுக்கு மட்டும் ஓர் அறை

முத்தாயி சிங்கப்பூருக்கு வந்து தங்கிய முதல் அறை இரவில் மட்டும்தான் அவளுடையது. அது அவளுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கப்பலிலிருந்து இறங்கிய அன்று மாலை, அவள் புருஷன் பரமசிவம் அவளை கெர்பாவ் ரோட்டில் இருந்த ஒரு கடைவீட்டுக்கு அழைத்து வந்தான். கீழே மாவு மில். மாடியில் நீளமான இருட்டு நடை, இரண்டு பக்கமும் பலகைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குடும்பம். கடைசித் தடுப்பு அவர்களுடையது. ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் வழியாகத் தேக்கா சந்தையின் இரைச்சல் உள்ளே வந்துகொண்டிருந்தது. கடல் பயணத்தில் தலை சுற்றிக் கிடந்தவள் எதையும் விசாரிக்காமல் பாயில் விழுந்து தூங்கினாள்.

விடிந்தும் விடியாமல் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஓர் ஆள் நிற்கிறார். புருவத்திலும் காது மடலிலும் மைதா மாவு. கண்கள் சிவந்திருந்தன. அவளைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

"முத்தாயி, கிளம்பு. அவர் படுக்கணும்" என்றான் பரமசிவம்.

"யாரு அவரு? இங்க எதுக்குப் படுக்கணும்?"

"சேக் தாவூது பாய். ரொட்டி சுடுற இடத்துல ராத்திரி வேலை. பகல்ல இந்த ரூம் அவருக்கு. ராத்திரி நமக்கு."

அவன் விளையாடுகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவனோ பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, வேலைக்குப் போகும் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஊர்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டாள்.

பரமசிவம் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தான். வந்த நாள் முதலாக அங்கேயே ஆண்களோடு ஆண்களாகக் கொட்டகையில் கிடந்தவன். மனைவி வரப்போகிறாள் என்றதும் மாசக்கணக்கில் அறை தேடி அலைந்திருக்கிறான். பழைய வீடுகளில் வாடகை குறைவுதான். ஆனால் உள்ளே நுழைய 'காப்பிக்காசு' என்று ஒரு முன்பணம் கேட்டார்கள். காப்பிக்காசு என்று பெயர்தான், அதில் ஊரில் ஒரு காணி வாங்கிவிடலாம். புது வீடுகளின் வாடகையோ சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். கடைசியில் இந்த மாடியைக் குத்தகைக்கு எடுத்திருந்த கோவிந்தசாமிதான் வழி சொன்னார். "பாதி வாடகை குடு, ராத்திரியை எடுத்துக்க. பாய் பகலை எடுத்துக்குவாரு. இந்த ஊருல இதுதான் கிடைக்கும் லா."

பகலில் முத்தாயி கோவிந்தசாமியின் மனைவி கமலாவோடு கீழே சமையல்கட்டில் இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. கமலா நல்லவள்தான். ஆனால் வேறு வேலை இல்லாத ஒருத்தி கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சும்மா இருக்கத் தோன்றும்? முதல் நாள் மிளகாய் காம்பு கிள்ளச் சொன்னாள். மறுநாள் துணி துவைக்கச் சொன்னாள். அந்த வாரம் முடிவதற்குள் மாடியில் இருந்தவர்கள் எல்லோருமே முத்தாயியிடம் ஏதாவதொரு வேலை சொல்லலாம் என்றாகிவிட்டது. ஒரு காலையில், "சந்தைக்குப் போயிட்டு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கியவள் சாயங்காலம்தான் திரும்பினாள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

தெருவில் நிற்பது அவ்வளவு சுலபமில்லை. அஞ்சடி நடைபாதையில் ஒரு தூணோரம் கொஞ்சநேரம் நின்றாலே கோப்பிக்கடையிலிருந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காளியம்மன் கோயில் உச்சிவேளைக்குப் பிறகு நடை சாத்திவிடும். ஒருநாள் கைக்கூடையில் ஒரு கட்டுக் கீரையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். யாரும் பார்க்கவில்லை. கீரையோடு நடக்கிற பெண் எங்கோ ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து கீரையில்லாமல் அவள் வெளியே இறங்கியதில்லை. மத்தியானத்துக்குள் அது வாடிப்போகும். மேலே ஒரு வாழை இலைத் துண்டைப் போட்டு மூடிக்கொள்வாள்.

நடந்துகொண்டே அறை விசாரித்தாள். செலிகி ரோட்டில் ஒரு வீட்டில், "சமைக்கக் கூடாது, சம்மதமா?" என்றார்கள். ஜாலான் புசார் பக்கம் ஒருவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஆரம்பித்து என்ன சாதி என்பதில் வந்து நின்றார். அவள் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். இன்னோர் இடத்தில் எல்லாம் சரி என்றார்கள். அறையைத் திறந்து காட்டினால் அது மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கிற இடம். நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

ஓரிடத்தில் இல்லை என்றதும் அடுத்த இடத்துக்குக் கால் தானாகப் போனது. பஸ் எண்கள் மனப்பாடமாயின. பரமசிவத்துக்கு இத்தனை வருஷத்தில் துறைமுகமும் சிராங்கூன் ரோடும் தவிர வேறு தெரியாது. அவளோ ஒரு மாதத்துக்குள் கல்லாங் ஆற்றைத் தாண்டியிருந்தாள். ராத்திரி அறைக்குத் திரும்பினாலும் அவளுக்கு உட்காரப் பிடிப்பதில்லை. தலையணை அவர்களுடையதுதான், பாயும் அவர்களுடையதுதான். ஆனாலும் அந்த அறையில் ரொட்டி வாசனை நிரந்தரமாக இருந்தது. சுவரில் ஒருபக்கம் அவளுடைய முருகன் படம், மறுபக்கம் ஆணியில் அவருடைய தொழுகைப் பாய். ஒருவர் வாழ்க்கைக்குள் இன்னொருவர் நுழைந்து உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குப் பட்டது.

ஒருநாள் காத்தோங் வரை போனாள். சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலில் ஒரு அம்மாள் பிரசாதம் கொடுத்தாள். பெயர் குணமணி. புருஷன் அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். முத்தாயி தயங்கித் தயங்கி அறை கேட்டாள்.

"அறை ஒண்டு இருக்குத்தான் பிள்ளை" என்றாள் குணமணி. "ஆனா படிக்கிற பொடியளுக்குத்தான் குடுக்கிறது எண்டு இவர் சொல்லிப்போட்டார். குடும்பக்காரருக்குக் குடுக்கிறேல்லை."

அந்தச் சிலோன் பேச்சு முத்தாயிக்குப் பாதிதான் புரிந்தது. 'இல்லை' என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. நன்றி சொல்லித் திரும்பியவளை குணமணி கூப்பிட்டு நிறுத்தினாள்.

"கொஞ்சம் நில்லுங்கோ. உங்களுக்குத் தூரமெண்டாலும் பரவாயில்லையோ? பிடோக் பக்கம் கம்பத்திலை ஆமினா பீவி எண்டு ஒரு மனுசி இருக்கிறா. எங்களுக்குத் தேங்காய் கொண்டுவந்து தாறவ. அவவின்ரை வீட்டிலை ஒரு பக்கம் சும்மா கிடக்குது எண்டு சொன்னவ. போய்க் கேட்டுப் பாருங்கோ."

முத்தாயி அன்றே போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, கம்பம் என்று சொல்லப்பட்ட அந்தக் கிராமத்துக்குத் தென்னந்தோப்பு வழியே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. கடற்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வீட்டின் முன்னால் ஒரு பெண்மணி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஆமினா பீவி. புருஷன் கடலோடி, வருஷத்துக்கு ஒருதரம் வருவார்.

"வீட்டைப் பார்த்துட்டுப் பேசு புள்ளே" என்று எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

ஓர் அறை, பின்பக்கம் சமைக்க ஒரு சாய்ப்பு, தனி வாசல். நிமிர்ந்து பார்த்தால் கூரையின் ஒரு மூலையில் வானம் தெரிந்தது. மின்சாரம் இல்லை. தண்ணீர் கிணற்றில்தான்.

"காப்பிக்காசு எவ்வளவுக்கா?"

"அதெல்லாம் எனக்கு வேணாம். கூரையை நீங்களே மாத்திப் போட்டுக்கணும். அதுதான் காப்பிக்காசு."

"எனக்குக் கீத்து முடையத் தெரியும்."

ஆமினா பீவி சிரித்துவிட்டாள். "கீத்து வேற, அத்தாப்பு வேற. வா, நான் சொல்லித் தரேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் தரமாட்டேன். உம் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து காட்டு."

"அவரு பார்க்க வேணாம். நான் பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள் முத்தாயி.

அன்று ராத்திரி, எதிர்பார்த்தபடியே பரமசிவம் குதித்தான். "பிடோக்கா? அது எந்த மூலைன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"காலைல ரெண்டு பஸ் மாறி நான் எப்ப வேலைக்குப் போறது? லைட்டு இல்லை, பைப்பு இல்லை. இதுக்கா கப்பலேறி வந்தோம்?"

"பகலெல்லாம் வாடின கீரையைத் தூக்கிட்டு ரோட்ல திரியறதுக்கு மட்டும் கப்பலேறி வந்தேனா?"

"கொஞ்சம் பொறு. கோவிந்தசாமியண்ணன் ஏதாவது பார்த்துத் தருவாரு."

பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ கனைத்தார்கள். பேச்சு அத்தோடு நின்றது. அவள் மறுநாளும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆனால் இப்போது தேடுவதற்கு ஒன்றுமில்லை. தேடாமல் நடப்பது இன்னும் மோசமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் இருந்தே மழை. முந்தின நாளே அவளுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது. கமலாவின் சமையல்கட்டில் தண்ணீர் ஏறியிருந்தது. சந்தையில் ஒதுங்கி நின்றாள். மீன் கழுவிய தண்ணீர் காலைச் சுற்றி ஓட, நடுக்கம் தாங்கவில்லை. வேறு வழி தெரியாமல் மாடியேறி, தன் அறைக் கதவைத் தானே தட்டினாள்.

சேக் தாவூது தூக்கக் கலக்கத்தோடு திறந்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்தார். தன் பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உள்ள வந்து படு தங்கச்சி. தாழ்ப்பாள் போட்டுக்க."

"நீங்க எங்கண்ணே போவீங்க?"

"எனக்கென்ன, எங்கயும் தூங்குவேன்."

ஆனால் அவர் எங்கேயும் தூங்கவில்லை. மாவு மில் இரைச்சலில், மேலும் கீழும் ஆட்கள் ஏறி இறங்குகிற மரப்படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார் என்று கமலா பிறகு சொன்னாள். அப்படியே வேலைக்குப் போனார். விடியற்காலையில் திரும்பி வந்தபோது வலதுகையில் முழங்கை வரை துணிக்கட்டுப் போட்டிருந்தது. அடுப்பிலிருந்து ரொட்டித் தகரத்தட்டை இழுக்கும்போது கண் சொக்கிக் கை வெந்திருக்கிறது.

முத்தாயிக்கு அந்தக் கட்டைப் பார்க்க முடியவில்லை. "என்னாலதானே அண்ணே?"

"நீ என்ன செய்வே? தூக்கம்தான். நாளைக்கு ஆறிடும்." சொல்லும்போதே வலியில் உதட்டைக் கடித்தார்.

அவள் பரமசிவத்தின் பக்கம் திரும்பினாள். காய்ச்சல் இன்னும் விட்டிருக்கவில்லை. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"நான் இன்னிக்குப் பிடோக் போறேங்க. நீங்க வரலாம், வராமலும் இருக்கலாம். இனி இவரு படுக்கையில எனக்குத் தூக்கம் வராது."

பரமசிவம் சேக் தாவூதின் கையைப் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

சேக் தாவூதுதான் பெட்டிக்கு வழி செய்தார். ரொட்டி வேன் காத்தோங் கடைகளுக்குப் போட்டுவிட்டு பிடோக் வரை போகும். டிரைவரிடம் சொல்லி, முத்தாயியையும் அவள் தகரப்பெட்டியையும் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஏற்றிவிட்டார். கோவிந்தசாமி அஞ்சடியில் நின்று, "உன் வாடகைப் பங்கை எவன் குடுப்பான்?" என்று கத்தினார். அடுத்த வாரமே துறைமுகத்து ஆட்கள் இருவரை அந்த ராத்திரிப் பங்குக்குக் குடி வைத்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது.

பிடோக்கில் முதல் நாள் முத்தாயி வீட்டைப் பெருக்கினாள். கிணற்றில் இறைத்துக் குளித்தாள். கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் எழுந்து வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுத்தன. தோப்பின் முனைவரை போய் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். வந்த பஸ்ஸில் பரமசிவம் இல்லை. அடுத்ததிலும் இல்லை.

"வருவாரு புள்ளே" என்றாள் ஆமினா பீவி, அத்தாப்பு ஓலைகளை அடுக்கிக்கொண்டே.

"வராட்டி?"

"வராட்டியும் கூரை போடணும்ல. ஏணியைப் பிடி."

வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை. வெயில் சாயும் நேரத்தில், முத்தாயி கூரைமேல் குந்தி ஓலையைக் கம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, தோப்புக்குள் ஓர் ஆள் வருவது தெரிந்தது. வழி தவறி அங்குமிங்கும் திரும்பித் திரும்பி நடந்தான். தோளில் சுருட்டிய பாய், கையில் முருகன் படம். அவசரத்தில் அவள் அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மேலேயிருந்து அவள் கூப்பிட்டாள். "இந்தப் பக்கங்க! கிணத்தைத் தாண்டி!"

வந்து நின்றவன் வேர்வையைத் துடைத்தான். "தப்பு பஸ்ல ஏறிட்டேன். சாங்கி போயி திரும்பி வரேன்" என்றான் கோபமாக. "தினம் இப்படி வந்து போக மனுஷனால முடியுமா?"

"எந்த நம்பர்ல ஏறணும்னு நான் சொல்லித் தரேன்."

"பாய்க்குக் கை கொஞ்சம் தேவலை. நேத்து அவரைப் பகல்லயும் ராத்திரியிலயும் அங்கயே படுக்கச் சொல்லிட்டு நான் கொட்டகையில படுத்தேன்."

அவள் கட்டிக்கொண்டிருந்த முடிச்சை இறுக்கினாள். கடல் பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது. இன்னும் ஒரு வரிசை ஓலை பாக்கி இருந்தது.

"சட்டையைக் கழட்டிட்டு அந்த ஓலைக்கட்டை எடுத்து மேல குடுங்க. இருட்டறதுக்குள்ள முடிச்சாகணும்."

பரமசிவம் படத்தை ஆமினா பீவியிடம் கொடுத்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். ஏணி ஆடியது. திட்டிக்கொண்டே ஏறினான்.