வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு

1928ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. அதனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றுமை வாசகசாலையில் சனிக்கிழமைதோறும் ஒரு விவாதம் நடத்தியாக வேண்டும். விஷயத்துக்குத் தட்டுப்பாடு. கப்பலில் வந்த தமிழ்ப் பத்திரிகை ஒன்றில், அமெரிக்காவின் தென் மாகாணங்கள் சிலவற்றில் ஓட்டுப் போட வருகிறவர்களைச் சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள் என்றும், கறுப்பு ஜனங்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே கழிக்கப்படுகிறார்கள் என்றும் அரைப் பத்தி வந்திருந்தது. காரியதரிசி ரெங்கசாமி அதைக் கத்தரித்துப் பலகையில் ஒட்டி, "வாசிக்கத் தெரியாதவருக்கு ஓட்டுத் தரலாமா?" என்று தலைப்பும் எழுதிவிட்டார்.

சீட்டுக் குலுக்கியதில் "தரக்கூடாது" என்ற கட்சி லியனார்டுக்கு விழுந்தது. அவர் ரயில்வே சரக்கு ஆபீஸில், ரெங்கசாமியோடு வேலை பார்க்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. முப்பத்தைந்து வயது. எந்தக் கட்சி கிடைத்தாலும் நாலு பாயின்ட் எழுதி வைத்துக்கொண்டு பேசக்கூடியவர். அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றி அவர் அதற்குமுன் யோசித்ததே இல்லை. அன்றைக்கும் அதிகம் யோசிக்கவில்லை.

"சிக்னல் தெரியாதவன் கையில் யாராவது என்ஜினைக் கொடுப்பார்களா?" என்று கேட்டார். சபை கை தட்டியது.

எதிர்க்கட்சி பேசிய வேலாயுதம் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். "சிக்னல் பாக்க எழுத்து எதுக்கு கிராணியாரே? கண்ணு இருந்தா போதும்லா," என்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தீர்ப்பு லியனார்டுக்கே வந்தது.

பத்து நாள் கழித்து ரெங்கசாமி அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகக் கமிட்டியில் ஒரு புது விதி கொண்டுவந்தார். வரப்போகும் தலைவர் தேர்தலில், கொடுத்த சீட்டை வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு. இதற்கு ஒரு காரணம் இருந்தது. வாசகசாலை அங்கத்தினரில் பாதிப் பேர் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன்கள், லைன் கூலிகள், ஒர்க்‌ஷாப் ஆட்கள். சாயங்காலத்தில் யாராவது பத்திரிகையை உரக்கப் படித்தால் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கிராணிமாருக்கு அது இரைச்சலாக இருந்தது. உரக்கப் படிப்பதை நிறுத்தவேண்டும் என்பவர்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் நாகையாவை மறுபடியும் தலைவராக்க நினைத்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் உரக்கப் படித்தே ஆகவேண்டும் என்று வேலாயுதம் எதிர்த்து நின்றார்.

பரீட்சை வைக்க லியனார்டைப் போட்டார்கள். விவாதத்தில் அவர்தானே பேசினார், அவருக்குத்தான் விஷயம் தெரியும் என்றார் ரெங்கசாமி. கூச்சமாக இருந்தாலும், தன் பேச்சு ஒரு விதியாகிவிட்டதில் லியனார்டுக்கு உள்ளூரச் சந்தோஷந்தான்.

"இதுல நமக்கென்னங்க வந்திச்சு?" என்றாள் அவர் மனைவி மகதலேனா.

"ஒழுங்கா நடக்கணும்னா ஒரு ஆளு வேணுமில்ல," என்றார் அவர்.

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு நேரே வந்து லியனார்ட் மேஜையில் உட்கார்ந்தார். சீட்டுகள் மொத்தம் பன்னிரண்டு. மூலையில் எண் போட்டிருந்தது. ரெங்கசாமி பக்கத்தில் இருந்து, வருகிறவர் கையில் ஒன்றைக் கொடுப்பார். லியனார்ட் கேட்டுவிட்டு, பேரேட்டில் பெயரையும் சீட்டு எண்ணையும் எழுதி, "வாசித்தார்" அல்லது "தவறினார்" என்று குறிக்க வேண்டும். சீட்டு எண்ணை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆபீஸில் மூட்டை எண் எழுதி எழுதிக் கைக்குப் பழகிவிட்டது.

பத்து மணி வாக்கில் அவருக்கு ஒன்று உறைத்தது. கிராணிமார் கைக்குப் போனதெல்லாம் ஆறுக்குள் அடங்கிய எண். "இது வாசகசாலை. இங்கு அமைதி காக்கவும்" என்ற அளவில் இருந்தது அது. ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு ஏழிலிருந்து பன்னிரண்டு. அதில் முழுப் பத்தி, பல்லை உடைக்கிற வார்த்தைகள்.

"என்ன ரெங்கசாமி, ரெண்டு தினுசா இருக்கே," என்றார் தணிந்த குரலில்.

"சீக்கிரம் முடியணும்லா. படிச்சவன்னு தெரிஞ்ச ஆளுக்கு எதுக்கு நீட்டுச் சீட்டு? தெரியாதவனைத்தான் சோதிக்கணும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வரிசையில் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். லியனார்ட் பேனாவை மையில் தோய்த்து அடுத்த பெயரை எழுதினார்.

அதற்கப்புறந்தான் தம்புசாமி வந்தான். பாயின்ட்ஸ்மேன். பள்ளிக்கூடம் போகாதவன். கடைப் பலகைகளையும் பத்திரிகைத் தலைப்புகளையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கூட்டப் படித்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி வந்திருந்தான். அவனுக்கு ஒன்பதாம் சீட்டு கிடைத்தது.

"ஸ்தாபனத்தின்..." என்று விரலை வைத்து நகர்ந்தான். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியில் "அபிவிருத்தியை உத்தேசித்து" என்ற இடத்தில் விரல் நின்றது. அபி என்றான். மறுபடி அபி என்றான். நெற்றி வேர்த்தது. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

"போதும்," என்றார் ரெங்கசாமி.

தம்புசாமி லியனார்டைப் பார்த்தான். "கொஞ்சம் நேரம் குடுத்தா படிச்சிருவேன், கிராணி ஐயா."

விதியில் நேரம் பற்றி ஒன்றும் இல்லை. லியனார்ட் "தவறினார்" என்று எழுதினார். அவன் சீட்டை மடிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

அன்று இருபத்தேழு பேர் திரும்பிப் போனார்கள். அறுபத்தொரு பேர் ஓட்டுப் போட்டார்கள். நாகையாவுக்கு நாற்பத்திரண்டு, வேலாயுதத்துக்குப் பத்தொன்பது. லியனார்ட் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார், பாதியில் எழுந்துவிட்டார். மகதலேனா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். தூங்காமல் புரண்டதில் அவருக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வேலாயுதம் முப்பது கைநாட்டும் கையெழுத்துமாக ஒரு மனு கொடுத்தார். அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டம் கூடியது. கூடம் கொள்ளாமல் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியேயும் நின்றார்கள்.

"பரீட்சை வெச்சவரு கமிட்டியில இல்லாதவரு. ரெண்டு பக்கத்துலயும் சேராதவரு. பேரேட்டை அவரே படிக்கட்டும்," என்றார் ரெங்கசாமி. அவர் பேரேட்டைத் திறந்து பார்த்திருக்கவில்லை; அதில் சீட்டு எண்ணும் இருப்பது அவருக்குத் தெரியாது.

லியனார்ட் எழுந்து படித்தார். பெயர், சீட்டு எண், முடிவு. இருபது பெயர் வருவதற்குள் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. முணுமுணுப்பு எழுந்தது. அவர் நிறுத்தாமல் எண்பத்தெட்டுப் பெயரையும் படித்து முடித்தார். பேரேட்டை மூடிய பிறகும் உட்காரவில்லை.

"இன்னொன்னு சொல்லணும். ரெண்டு தினுசு சீட்டுன்னு பத்து மணிக்கே எனக்குத் தெரியும். அப்புறமும் உக்காந்து எழுதினேன். தம்புசாமி வந்தது அதுக்கப்புறம்."

நாகையாதான் முதலில் வாய் திறந்தார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. "இப்படி ஜெயிச்ச நாற்காலி எனக்கு வேணாம். எல்லாரும் போடட்டும். எழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

திரைக்குப் பின்னால் இரண்டு மண்சட்டி வைத்தார்கள். நாகையாவுடையதில் மஞ்சள் துணி, வேலாயுதத்துடையதில் சிவப்புத் துணி. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. எண்பத்தொன்பது பேர் போட்டார்கள். நாகையாவுக்கு நாற்பத்தாறு, வேலாயுதத்துக்கு நாற்பத்துமூன்று. ரெங்கசாமி அத்தனை பாடுபட்டிருக்கவே வேண்டாம்.

கூட்டம் கலைந்ததும் லியனார்ட் யார்டுப் பக்கம் நடந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்புசாமி நின்றான்.

"தோத்துட்டீங்களே," என்றார் லியனார்ட்.

"யாரு? நான் மஞ்சச் சட்டியிலதான் போட்டேன்."

"நாகையாவுக்கா?" என்றார் லியனார்ட்.

"போன வருஷம் எம் பொண்டாட்டிக்கு மலேரியாக் காய்ச்சல். மூணு நாள் டிரஸ்ஸரு வூட்டுக்கே வந்து மருந்து குடுத்தாரு. அவருக்குத்தான் போடணும்னு அன்னைக்கே நினைச்சிருந்தேன்."

"அதைப் பரீட்சையன்னைக்கே சொல்லியிருக்கலாமே. ரெங்கசாமி விட்டிருப்பாரு."

"அதெப்படிச் சொல்றது?" என்றான் தம்புசாமி. கோபமாகச் சொல்லவில்லை; இது தெரியாதா என்பதுபோலத்தான் கேட்டான். சரக்கு வண்டி வரும் நேரம் என்று சொல்லி, தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

புது விதி ரத்தாயிற்று. உரக்கப் படிப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்க நாகையா ஒப்புக்கொண்டார். ரெங்கசாமி அதற்குப்பின் ஆபீஸில் லியனார்டோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை. மற்ற கிராணிமாரும் கொஞ்சம் ஒதுங்கினார்கள். மறு வருஷம் லியனார்டைக் கிள்ளான் சரக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மகதலேனா பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். லியனார்ட் மறுப்பு எழுதவில்லை.