பாக்கியம் வீட்டுக் கடப்பா கல்

பாலிஷ் மிஷினை இறக்கிவைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. நல்ல கடப்பா கல், முப்பது வருஷம் முன்னால் போட்டது. கக்கூஸ் ஆசிட்டை ஊற்றி ஊற்றித் தேய்த்ததில் வெளிறிப்போய், அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாகக் கிடந்தது. கடப்பா கல்லுக்கு ஆசிட் ஆகாது என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது. நைனார்பாளையத்தில் மட்டும் இது எனக்கு நாலாவது வீடு.

"வருசா வருசம் கிறிஸ்மசுக்கு நான்தான் தேய்ப்பேன் மேஸ்திரி. பளிச்சுனு ஆவும்னு நெனச்சேன்," என்றார் வியாகுலம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ரிட்டயர் ஆனவர். அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் மனம் வரவில்லை.

அவர் மனைவி பாக்கியத்துக்குக் கண்ணில் பிரஷர் வந்து, இரண்டு வருஷமாகச் சுத்தமாகப் பார்வை இல்லை. போன மாதம் கல் விளிம்பில் இடறிக் கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டதாம். "ரத்தம் ஒழுவிக்கினே நின்னு கொழம்பு வெக்கிது. நான்தான் புடிச்சி ஒக்கார வச்சேன்," என்றார் வியாகுலம். மகள் ஜூலியா அம்மாவை உளுந்தூர்பேட்டைக்குக் கூட்டிப்போயிருந்தாள். வருவதற்குள் இடறாத தரை வேண்டும், அதுவும் பாக்கியத்திடம் சொல்லாமல் செய்ய வேண்டும் என்பது வியாகுலத்தின் ஆசை.

மூன்று நாள் வேலை. விளிம்புகளைத் தேய்த்துச் சமமாக்கி, குழிகளைக் கருப்புப் பசையால் அடைத்து, மிஷினில் தேய்ப்புக் கல்லை மாற்றி மாற்றி ஓட்டினேன். வியாகுலம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே சேற்றைத் தள்ளினார். முடித்தபோது என் மீசை நரை தரையில் தெரிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு தரை கிடையாது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஜூலியா அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அதே ஆட்டோவில் திரும்பிவிட்டாள். பாக்கியம் வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே இரண்டு எட்டு வைத்தார். நின்றார். பாதத்தால் இப்படியும் அப்படியும் தடவினார்.

"ஏங்க, இது யாரு வூடு?"

வியாகுலம் சிரித்தார். "நம்ம வூடுதான் பாக்கியம். ஒனக்காவ ரெடி பண்ணி வச்சிக்கிறேன்."

பாக்கியம் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார்ந்துவிட்டார். "அரிசிப் பான கிட்ட நாலு குழி இருக்குமே. ரூம்பு வாசல்ல பெரிசா ஒண்ணு. அதுங்கள மிதிச்சித்தாங்க நான் திரும்புவேன். இப்ப நான் எந்தப் பக்கம் போறது?"

வியாகுலத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அது பாக்கியத்துக்கு எப்படித் தெரிந்ததோ, "நல்லா வழவழன்னுதான் இருக்குது," என்று கையால் தரையைத் தடவிக்கொடுத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மேஸ்திரி, பழையபடி ஆக்க முடியுமா?" என்று வியாகுலம் கேட்டார். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பழைய குழிகள் போனது போனதுதான். பையிலிருந்து உளியையும் சுத்தியையும் எடுத்தேன்.

வியாகுலம் கையைப் பிடித்து நடத்த, பாக்கியம் ஒவ்வோர் இடமாக நின்று, நகம் இப்போதுதான் முளைக்கத் தொடங்கிய கால் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார். அம்மி கொத்துவதுபோல லேசாகக் கொத்தினேன். முதல் அடிக்கு எனக்கு நெஞ்சு வலித்தது, பொய் சொல்வானேன். அரிசிப் பானை அருகே நாலு. அறை வாசலில் ஒன்று. காலுக்குத் தட்டுப்பட்டதும் பாக்கியத்தின் நடை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது.

கடைசியில் ஜன்னலோரம் போய் நின்றார். "இங்க ஒண்ணு."

"இங்க முன்ன எதுவும் இல்லையே," என்றார் வியாகுலம்.

"இல்லதான். நீங்க நாற்காலி போடற எடம். இருமுவீங்க, அத வச்சி கண்டுபுடிச்சிக்கினு வந்துடுவேன். சத்தமே இல்லாம தூங்கிட்டீங்கன்னா நான் எங்கன்னு தேடறது?"

நான் உளியை வைத்தேன். இது மற்றதைவிடக் கொஞ்சம் ஆழமாகவே விழுந்தது. வியாகுலம் மண்டியிட்டுத் தூளை ஊதினார். ஊதி முடித்தும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குழியைத் தேடி நகர்ந்து வந்த பாக்கியத்தின் கால்விரல் அவர் கைமேல் பட்டு, அங்கேயே நின்றது.