தகரக் கொட்டகைச் சாமி

அதிவேக ரயில் திட்டத்தின் ஏழாவது கடிதத்தோடு லியோனல் கிள்ளானுக்கு வந்திருந்தான். வேலை தள்ளிப்போகிறது என்று ஊர் மக்களிடம் சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது.

ரயில் பாதைக்காகக் கோயிலை இடித்தபோது, மூன்றே மாதத்தில் புதுக்கோயில் கட்டித் தருவதாகத் திட்டத்தார் சொன்னதை நம்பி, முனீஸ்வரரைத் தற்காலிகமாகப் பாலாலயம் செய்து தகரக் கொட்டகையில் வைத்தார்கள். பாலாலயத்தில் இருக்கும் சாமிக்குத் திருவிழா எடுக்க மாட்டார்கள். கும்பாபிஷேகம் முடிந்தால்தான் எல்லாம். ஆறு வருஷமாகத் தேர் கிளம்பவில்லை.

கோயில் செயலாளர் குமுதா கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

“எந்த மாசம்னு மட்டும் சொல்லுங்க தம்பி.”

“மாசமே இல்லக்கா. செலவு டபுள் ஆயிருச்சு, ரூட்ட மாத்திட்டாங்க. லைன் இந்தப் பக்கமே வராது லா.”

திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் தேவலை.

“அப்ப பழைய இடத்தையாவது குடுங்க. அங்கயே கட்டிக்கிறோம்.”

“அங்க எங்க சைட் ஆபீஸ் இருக்கேக்கா.”

“லைனே வரல, ஆபீஸ் எதுக்கு?”

லியோனலுக்கும் அது தெரியவில்லை. “டெம்பரரிதான்க்கா” என்றான், வாய்ப் பழக்கத்தில்.

குமுதா சாமிக்கு மேலே துருவேறிக் கிடந்த தகரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இதையும் அப்படித்தான தம்பி சொன்னீங்க.”